விசிட்டிங் கார்டு 500, வேலை இரண்டு

கேள்வி: ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே விளம்பர வாசகம், கட்டுரை, மொழிபெயர்ப்பு எழுதித் தருகிறேன். 500 விசிட்டிங் கார்டு அடித்தேன். 'அனைத்து எழுத்துப் பணிகளும் செய்து தரப்படும்' என்று தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறேன். நான்கு மாதத்தில் வந்தது இரண்டே வேலை. அதில் ஒன்று சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை. காசு கேட்க முடியவில்லை. ரேட்டைக் குறைத்தால் ஆள் வருமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு இலவசம். இதற்கு மேல் எங்கே குறைப்பது?

'அனைத்து எழுத்துப் பணிகளும்' என்பதுதான் இடிக்கிறது. எந்த முதலாளியும் காலையில் எழுந்து, 'எனக்கு ஓர் எழுத்துப் பணி ஆக வேண்டும்' என்று நினைப்பதில்லை. 'ஆடித் தள்ளுபடிக்கு நோட்டீஸ் அடிக்கணும்' என்றுதான் நினைக்கிறார்.

நான் கோவையில் அச்சகத்துப் பிழை திருத்தும் வேலையை விட்ட சமயம், அம்மா ஒரு வெட் கிரைண்டர் வாங்கினார். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில், 'மூடியைத் திறக்கும் முன் உங்களை அணைத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. சுவிட்சை அணைக்கச் சொன்னது, ஆங்கிலத்திலிருந்து வருகிற வழியில் இப்படி ஆகிவிட்டது. இரண்டு நாள் வீடே சிரித்தது. மூன்றாம் நாள் அந்தத் தாள் முழுவதையும் திருத்தி, சுத்தமாக வேறு தாளில் எழுதி, பெட்டியில் இருந்த முகவரிக்குப் பஸ் ஏறினேன். 'நான் எழுத்தாளர்' என்றெல்லாம் சொல்லவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேனேஜர் படித்தார், அக்கவுண்டன்டைக் கூப்பிட்டார், அவரும் படித்தார். கையில் 800 ரூபாய் கிடைத்தது. அடுத்த மாதம் வாரண்டி கார்டு வந்தது. அப்புறம் டீலர்களுக்கான கடிதம், அப்புறம் மேனேஜர் மச்சானுடைய மோட்டார் பம்ப் கம்பெனி. அதே தாளை எல்லாரும் பார்க்கப் போட்டுக் கேலி செய்திருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அந்தக் கம்பெனி வாசலை மட்டும் நான் மிதித்திருக்க முடியாது.

பொள்ளாச்சியில் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்? கடையில் நான்கு பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். நான்கிலும் 'பாரம்பரிய முறையில்' என்று இருக்கும். பெயரை மாற்றி ஒட்டினாலும் தெரியாது. ஒரு செக்குக்காரரிடம் போய், கொப்பரை எந்த ஊர்த் தோப்பிலிருந்து வருகிறது, எத்தனை நாள் காய்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எட்டு வரியில் எழுதிக் கொடுங்கள். இலவசம் அந்த எட்டு வரியோடு சரி. 'இன்னும் ரெண்டு சாம்பிள் போடுங்களேன்' என்றால் ரேட்டைச் சொல்லிவிடுங்கள்.

போகிற நேரமும் முக்கியம். ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கு ஆடியில் போனால் அது அச்சாகித் தெருவில் கிடக்கும். வைகாசியிலேயே போக வேண்டும். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகிறார்கள், பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியை ஒட்டி வரும். சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் மெய்ப்புப் பார்க்க ஆள் தேடுவது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால்.

மீதி விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் மளிகைக் கணக்கு எழுதலாம். நான் அப்படித்தான் தீர்த்தேன்.

கேள்வி: ஒரு கம்பெனிக்கு பிரசுரம் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பணம் கேட்டால் 'அடுத்த வாரம்' என்கிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: அட்வான்ஸ் வாங்காமல் பேனாவைத் திறந்தது முதல் தப்பு. பாதிப் பணம் வந்த பிறகே முதல் வரி. அடுத்து, உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, செய்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். அப்படிப் பதிவு செய்த சிறு தொழிலுக்கு, 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. இனிமேல் பில்லில் உத்யம் பதிவு எண்ணையும் அச்சிடுங்கள். பழைய பாக்கிக்கு முதலாளியைத் துரத்தாதீர்கள். அக்கவுண்டன்டிடம் நயமாகப் பேசுங்கள். செக் போடுவது எந்தக் கிழமை என்று அவருக்குத்தான் தெரியும்.