"தப்பு செய்தவன் அழக்கூட இல்லை!"

வணக்கம் மேடம்,

என் மகனுக்கு 11 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் லேப்டாப் மேல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டான். மதர்போர்டே போய்விட்டது. சரிசெய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். அதை வாங்கிய தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. இல்லாத பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது எப்படியிருக்கும் என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் ஓடாதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். நூறு முறை! அன்றைக்கும் தண்ணீர் கேட்டதற்கு டம்ளரோடு ஓடித்தான் வந்தான். ஆபீஸில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

பொருளின் மதிப்பு தெரியட்டும் என்று ஒரு நோட்டுப் போட்டேன். அவனுடைய பாக்கெட் மணி, பிறந்தநாளுக்கு உறவினர்கள் கொடுத்த பணம் எல்லாம் அதில் வரவு. பாக்கி எவ்வளவு என்று ஞாயிறுதோறும் அவனே கூட்டி எழுத வேண்டும். கணவர், "விடேன், குழந்தைதானே" என்கிறார். அவர் நல்லவர், நான் கெட்டவள். எப்போதும் இதேதான்.

எனக்குத் தாங்காதது அவன் முகம்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அன்றைக்கு ஒரு தடவை சாரி சொன்னான், அதோடு சரி. கல் மாதிரி உட்கார்ந்து கூட்டிப் போடுகிறான். முன்பெல்லாம் வளவளவென்று பேசுவான், இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில். (போன வாரம் விளையாடும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதைக்கூட இரண்டு நாள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறான். கேட்டால் "டாக்டருக்குச் செலவாகும்ல" என்கிறான். எலும்பில் சின்ன விரிசல்தான், கட்டுப் போட்டாயிற்று.) நூறு முறை சொல்லியும் கேட்காதவனை இப்படியே விட்டால் பொறுப்பில்லாமல் வளர்ந்துவிட மாட்டானா? நோட்டை இன்னும் எத்தனை மாதம் தொடரலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

நோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னால் அந்த முழுக்கைச் சட்டையைத் தாண்டி வர முடியவில்லை. லேப்டாப்புக்கு அவ்வளவு எழுதிய நீங்கள், அதை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். எலும்பு விரிந்த கையோடு இரண்டு இரவு. கூப்பிடு தூரத்தில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். அவன் கூப்பிடவில்லை.

கல் என்கிறீர்கள். கல்லுக்கு டாக்டர் செலவைப் பற்றிக் கவலை வராது. பொருளின் மதிப்பைக் கற்றுக்கொடுக்க நினைத்தீர்கள், அவனும் நன்றாகவே கற்றுக்கொண்டான். கூடவே தன்னையும் அந்த நோட்டில் ஒரு செலவாக எழுதிக்கொண்டுவிட்டான்.

உளவியலாளர் ழான் பியாஜே, 1932-ல் வெளிவந்த ஆய்வில், குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான், பின்னால் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாமைத் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னக் குழந்தைகள் பலர், 15 உடைத்தவன்தான் என்றார்கள். வயது ஏற ஏறத்தான் கோப்பையை எண்ணுவதை விட்டு நோக்கத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நோட்டு கோப்பையைத்தான் எண்ணுகிறது. தண்ணீர் கேட்டது நீங்கள். கொண்டுவந்தவன் செய்த தப்பு, ஓடியது. அதே தண்ணீர் தரையில் கொட்டியிருந்தால் "துடைடா" என்று ஒரு அதட்டலோடு முடிந்திருக்கும். அவன் ஓடியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

குற்றவுணர்வு வேறு, அவமானம் வேறு. 'தப்பு செய்துவிட்டேன்' என்று தோன்றுகிற பிள்ளைக்குச் சரிசெய்யக் கை பரபரக்கும். 'நானே ஒரு தப்பு' என்று தோன்றுகிற பிள்ளை ஒளிந்துகொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது திமிர் மாதிரியே தெரியும். அன்றைக்கு சாரி சொன்னானே, அப்போது அவன் முதல் வகையில்தான் இருந்தான்.

உங்கள் கணவரின் "விடேன்" எனக்கும் உடன்பாடில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் பாரம் இறங்காது, அதைப் பற்றிப் பேச ஆள்தான் இல்லாமல் போகும். பொறுப்பு அவனுக்கு வேண்டும்தான், ஆனால் அது அவனால் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். லேப்டாப் கடனை ஒரு 11 வயதுப் பையன் எந்த ஞாயிற்றுக்கிழமை அடைப்பான்? மூன்று மாதம் கொடுத்துவிட்டான், போதும். இந்த ஞாயிறு கூட்டல் வேண்டாம், கடைசி வரியில் 'முடிந்தது' என்று நீங்களே எழுதிவிடுங்கள். லேப்டாப் மேசைக்கு இனித் தண்ணீர் வராது என்று ஒரு விதி வையுங்கள், உங்களுக்கும் சேர்த்து.

அப்புறம், "விழுந்தால் என்னிடம் வர முடியாதபடி நான் நடந்துகொண்டேன்" என்று அவனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அழுகிறானா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மீதி ஏழு தவணையும் உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். அந்தப் புலம்பலுக்கு உரியவர் "விடேன்" என்று சொன்னவர்தான். பாதியை அவரையே கட்டச் சொல்லுங்கள். மகனுக்குக் கட்டுப் பிரிக்கும் நாளில் மட்டும் நீங்களே கூடப் போங்கள். ரசீதை அவன் பார்ப்பதற்குள் பைக்குள் வைத்துவிடுங்கள்.