வாசகர் கேள்வி பதில்: நடு றெயில் எஞ்சினை ரெண்டு றெயிலில ஓட்டேலுமோ?

கேள்வி: அண்ணை வணக்கம். ஜெர்மனியில இருக்கிற பெரியப்பா போன மாசம் கொழும்புக்கு வந்தப்ப, தன்ர பிள்ளையள் விளையாடின பழைய மார்க்லின் (ஜெர்மன் கொம்பனி) விளையாட்டு றெயில் எஞ்சின் ஒண்டை மகனுக்குத் தந்திட்டுப் போனவர். மூண்டு அச்சு, கறுப்பு, சின்ன ஸ்டீம் எஞ்சின். எங்களிட்ட இருக்கிறது லண்டன் மாமி வாங்கித் தந்த ஹோர்ன்பி (இங்கிலாந்துக் கொம்பனி) றெயில் செட். எஞ்சின் றெயிலில வடிவா நிக்குது, ஆனா வைச்ச உடன கொன்ட்ரோலர் ஓஃப் ஆகுது. அடியில கரண்டிக் காம்பு மாதிரி ஒரு தகடு வேற தொங்குது. எஞ்சின் பழுதோ? இதை மாத்தேலுமோ? (வெள்ளவத்தை)

பதில்: தம்பி, எஞ்சின் பழுதில்லை, பயப்பிடாதைங்கோ. ரெண்டு கொம்பனியும் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம்தான் செய்யிறது, அதால எல்லாரும் ஒண்டுக்கொண்டு பொருந்தும் எண்டு நினைக்கினம், ஆனா கரண்ட் வாற வழி வேற. ஹோர்ன்பியில ஒரு றெயில் பிளஸ், மற்றது மைனஸ், 12 வோல்ட் டிசி (ஒரே திசையில ஓடுற கரண்ட்). மார்க்லினில வெளியில இருக்கிற ரெண்டு றெயிலும் கரண்டின்ர ஒரே பக்கம்தான், கரண்டின்ர மற்றப் பக்கம் நடுவில வரிசையா நிக்கிற சின்னக் குமிழ்களில இருக்கு, நீங்கள் சொன்ன தகடு அதைத் தடவிக்கொண்டு போய்த்தான் கரண்டை எடுக்கும், அதுவும் 16 வோல்ட் வரைக்கும் ஏசி (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்). ரெண்டு றெயிலும் ஒண்டெண்டா சில்லுகளைப் பிரிச்சு வைக்க என்ன தேவை? இடது சில்லும் வலது சில்லும் இரும்பு அச்சால தொடுத்தே இருக்கும். அதை ஹோர்ன்பியில வைச்சா பிளஸையும் மைனஸையும் ஒரு கம்பியால தொட வைச்ச மாதிரி, ஷோர்ட். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில வைச்சு ஒரு அச்சின்ர ரெண்டு சில்லையும் தொட்டுப் பாருங்கோ, கத்தும்.

மாத்தேலும். ஆனா நிறையப் பேர் மோட்டரில தொடங்குகினம், அது பிழை, சில்லில தொடங்கோணும். ஒரு பக்கச் சில்லாவது அச்சில இருந்து பிளாஸ்டிக்கால பிரிச்சதா இருக்கிற செட் வேணும், ஓடுற அச்சுகளுக்குப் பல்லும் அதே அளவில இருக்கோணும், பழைய எஞ்சினுகளுக்கு இது கிடைக்கிறதுதான் பெரிய பாடு. பிறகு அடித்தகட்டைக் கழட்டி, பிரிச்ச சில்லுகளின்ர முதுகில மெல்லிசா தொட்டுக்கொண்டு நிக்கிற வெண்கலத் தகட்டு வயர் வைச்சுக் கரண்டை எடுக்கோணும். கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா சில்லு சுத்தாது, தளர்ந்தா கரண்ட் வராது, பொறுமை வேணும்.

இவ்வளவும் செய்து ஓட்டினா எஞ்சின் ஓடும், ஆனா கொன்ட்ரோலரின்ர திருகியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பக்கமாத்தான் ஓடும், உடன ஏதோ பிழைச்சுப் போச்செண்டு நினைக்காதைங்கோ. அந்தக் காலத்து மார்க்லின் மோட்டருக்குள்ள நிரந்தரக் காந்தம் இல்லை, கம்பிச் சுருள்தான். பிளஸ் மைனஸை மாத்தினா சுருளும் மாறும், ஆமெச்சரும் (மோட்டரில சுத்துற பகுதி) மாறும், சுத்துற திசை மாறாது. பின்னுக்கு எடுக்க 24 வோல்ட் ஒரு தட்டுத் தட்டோணும், அப்பதான் உள்ளுக்க இருக்கிற றிலே (திசை மாத்துற சுவிச்சு) மாறும், ஹோர்ன்பி கொன்ட்ரோலரிட்ட அந்த 24 இல்லை. அதால சுருளை எடுத்திட்டு அந்த இடத்தில பொருந்திற நிரந்தரக் காந்தத்தைப் போட்டு, றிலேயையும் எடுக்கோணும். காந்தம் தனிய விக்கினம். மார்க்லினே முந்தி ஹாமோ எண்ட பேரில ரெண்டு றெயில் எஞ்சின் வித்ததுதான்.

ஆனா என்னைக் கேட்டா, இந்த எஞ்சினை மாத்தாதைங்கோ தம்பி. மூண்டே அச்சு, அதிலயும் ரப்பர் டயர் போட்ட சில்லு கரண்ட் எடுக்காது, மிஞ்சுற ரெண்டு மூண்டு சில்லை நம்பி ஓடினா பொயின்ற்ஸில (தண்டவாளம் பிரியிற இடம்) ஒவ்வொரு தடவையும் நிண்டு நிண்டுதான் போகும். நடுக் குமிழில தடவி ஓடேக்க அந்தப் பிரச்சினையே இல்லை, அதுதான் அதின்ர அழகு. பெரியப்பா வீட்டுப் பிள்ளையளின்ர கை பட்ட சாமான் அது. அவரிட்டயே ஒரு சின்ன வட்டம் மார்க்லின் தண்டவாளம் கேளுங்கோ, 1996க்குப் பிறகு வந்த சி ட்ராக்கா இருந்தா நல்லது, பழைய தகர எம் ட்ராக் வெள்ளவத்தைக் கடல் காத்துக்குத் துருப்பிடிச்சிடும். பழைய நீல ட்ரான்ஸ்போமரைக் கொண்டுவந்தா கவனம், அடியில 220 எண்டு எழுதியிருந்தா எங்கட 230க்கு அது நாலஞ்சு வீதம் கூடக் குடுக்கும். பழைய றிலே தாங்கும், டிகோடர் (மோட்டரைக் கட்டுப்படுத்துற சின்ன எலெக்ட்ரோனிக் போர்ட்) போட்ட எஞ்சினை மட்டும் அதில வைச்சுப் பின்னுக்குத் தட்டிப்போடாதைங்கோ, டிகோடர் எரியும்.

கேள்வி: என்ர கேஸ் மற்றப் பக்கம். வீட்டில மார்க்லின் செட், வாங்கினது ரோகோ கொம்பனியின்ர ரெண்டு றெயில் டீசல் எஞ்சின். வைச்சா ஓடேல்ல. நடுக் குமிழில ஒரு வயரைத் தொட்டுப் பாத்தன், உறுமிச்சுது, நகரேல்ல. (கொட்டாஞ்சேனை)

பதில்: இனி அப்பிடித் தொடாதைங்கோ, தயவுசெய்து. அதுக்குள்ள இருக்கிறது நிரந்தரக் காந்த மோட்டர், ஏசி குடுத்தா ஒரு செக்கனுக்கு 50 தரம் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபட்டு நிண்ட இடத்திலயே சூடாகும். இப்பிடி ஒரு மோட்டர் என்ர கையிலயே எரிஞ்சது, வார்னிஷ் கருகின அந்த மணம் ரெண்டு நாளா அறையை விட்டுப் போகேல்ல. ஆனா உங்கட வேலை வெள்ளவத்தைத் தம்பியின்ரயை விடச் சுகம். ரோகோ நிறைய மொடலை ரெண்டு விதத்திலயும் செய்யிறது, அதால அடியில தகடு பூட்ட இடம் விட்டிருக்கோ எண்டு முதல்ல திருப்பிப் பாருங்கோ. ஏசியை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்க உள்ளுக்க ஒரு டிகோடர் போடோணும்: தகட்டில இருந்து டிகோடரின்ர சிவப்பு வயர், ரெண்டு பக்கச் சில்லையும் ஒண்டாக்கி அதில கறுப்பு வயர், மோட்டருக்கு ஒறேஞ்சும் சாம்பலும். மோட்டரின்ர ரெண்டு காலும் சசியில (எஞ்சின்ர உலோகச் சட்டம்) தொடக்கூடாது, பீப் வைச்சுப் பாத்திட்டுத்தான் கரண்ட் குடுக்கோணும். டிகோடர் வாங்கேக்க ஏசி அனலொக்கும் (டிஜிட்டல் இல்லாத பழைய ஏசி கரண்ட்) தாங்குமோ எண்டு கேட்டு வாங்குங்கோ, எல்லாம் தாங்காது.

கேள்வி: பெட்டிகளையும் மாத்தோணுமோ? (தெஹிவளை)

பதில்: மார்க்லின் பெட்டியை ரெண்டு றெயிலுக்குக் கொண்டுபோறதெண்டா ஓம், இரும்பு அச்சு அங்கயும் ஷோர்ட் பண்ணும். அச்சோட சில்லைக் கழட்டிப் பிரிச்ச சில்லு போட்டாச் சரி, பெட்டிக்கு அஞ்சு நிமிசம். மற்றப் பக்கம் கொண்டுபோறதெண்டா கரண்டுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை, பழைய பொயின்ற்ஸில சில்லு துள்ளுதோ எண்டு மட்டும் மெதுவாத் தள்ளிப் பாருங்கோ.