தெரியலைம்மா என்கிறான் பையன்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதிலேயே தானாகப் பாத்ரூம் போகப் பழகியவன், இப்போது மூன்று மாதமாக ஜட்டியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆய் போய்விடுகிறான். கேட்டால் "தெரியலைம்மா" என்கிறான். திமிர் என்கிறார் அவன் அப்பத்தா. வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
- ஒரு தாய், காரைக்குடி

பதில்: உங்கள் மகன் உண்மையைத்தான் சொல்கிறான். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தயவுசெய்து இனி அதற்காக அவனைத் திட்டவோ அடிக்கவோ யாரையும் விடாதீர்கள்.

நான்கு வயது தாண்டிய பிறகு இப்படி வரும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் மலச்சிக்கல். நம்பச் சிரமமாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் பார்ப்பது இளகிய மலம். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடக்குவான், அடக்க அடக்க உள்ளே தண்ணீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும், பெரிதாகும், மலக்குடல் விரிந்து விரிந்து கடைசியில் 'வருகிறது' என்ற உணர்வே மரத்துப்போகும். அப்புறம் மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசியும். இதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு கூடும். அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள்.

வீட்டு முற்றத்துத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்து, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நிற்கிறானா? முக்குகிறான் என்றுதான் பல தாய்மார் சொல்வார்கள், உண்மையில் அடக்கிக்கொண்டிருப்பான். வாரத்துக்கு எத்தனை முறை போகிறான், கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போகிறதா, வலிக்கிறதா, எப்போது ஆரம்பித்தது, பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்கவில்லையா, பெரிய வீட்டின் பின்கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு இருட்டில் தனியாகப் போகப் பயமா, இதையெல்லாம் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, அதோடு குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்த நோட்டிலேயே முடிந்துவிடும். மருத்துவர் வயிற்றைத் தொட்டுக் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார், ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா, கீழ்முதுகும் கால்களும் சரியாக உள்ளனவா என்றும் பார்ப்பார். பெரும்பாலும் எக்ஸ்ரே, ஸ்கேன் தேவைப்படாது.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போகாமல் இருந்தானா என்பதை மட்டும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள், குடலில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறை அப்படித்தான் தெரியவரும். வயிறு உப்பி வாந்தி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், காலில் பலவீனம், கீழ்முதுகில் பள்ளம் அல்லது முடிக்கொத்து, இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

மனநல மருத்துவர் இப்போதைக்கு வேண்டாம். மலச்சிக்கலே இல்லாமல் கசிகிறது என்று தெரிந்தால் அப்போது பார்க்கலாம்.

வைத்தியம் நீளமானது. முதலில் அடைப்பை எடுத்துவிட்டு, பிறகு மலத்தை இளக்கும் மருந்தைப் பல மாதம் தொடர வேண்டும், நின்றுவிட்டதே என்று பாதியில் விட்டால் திரும்ப வரும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. கவுனி அரிசியில் நார்ச்சத்து உண்டுதான், ஆனால் ஏற்கெனவே அடைத்துக் கிடப்பதை உணவு மட்டும் அசைக்காது. அப்பத்தா விளக்கெண்ணெயை எடுத்தால், மருத்துவர் பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.