400 வோல்ட் டிசியிலிருந்து 230 வோல்ட் ஏசி: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் இன்வெர்ட்டரும் மோட்டார் டிரைவும் பழுதுபார்ப்பது என் தொழில். டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பற்றிக் கேரள-தமிழக எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளம், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, 10 சோலார் பேனல்களைத் தொடராக இணைத்தால் 380 வோல்ட் வருகிறது. நேராக எச்-பிரிட்ஜுக்கு (டிசியை ஏசியாக மாற்றும் நான்கு சுவிட்ச் சர்க்யூட்) கொடுக்கலாமா?

தம்பி, 380 என்பது சுமை இல்லாதபோது மீட்டர் காட்டுவது. சுமை ஏறியதும் பேனலுக்கு 31 வோல்ட் அளவுக்கு இறங்கும். பத்துக்கும் சேர்த்து 310தான். 230 வோல்ட் ஏசியின் உச்சமோ 325. எட்ட முடியாமல் அலையின் தலை தட்டையாகிவிடும். நடுவில் ஒரு பூஸ்ட் சர்க்யூட் வைத்து 400 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். பிறகு பிரிட்ஜுக்கு 650 வோல்ட் ஐஜிபிடி (மின்னணு சுவிட்ச்) நான்கு, அவற்றை இயக்க 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும் முறை), வெளியே 2 மில்லிஹென்றி சுருளும் 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும். சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலை இந்த வடிகட்டி அடக்கிவிடும்.

கோபாலபுரம்: சார், நான் செய்த பிரிட்ஜ் 24 வோல்ட்டில் அழகாக ஓடியது. 400 கொடுத்ததும் இரண்டு ஐஜிபிடி வெடித்துவிட்டன. ஏன்?

இது என் மேஜையிலும் நடந்திருக்கிறது. ஐஜிபிடியின் மூடி பிளந்து, ஒரு சில்லு எதிர்ச் சுவரில் போய்ப் பதிந்தது. அன்றிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பஸ்ஸுக்கு (பிரிட்ஜுக்கு 400 வோல்ட் டிசி தரும் இணைப்பு) மின்சாரம் கொடுப்பதில்லை.

ஐஜிபிடிக்கு 'அணை' என்று சொன்ன பிறகும் மின்னோட்டம் சற்று நேரம் வால்போல் நீளும். அது ஓய்வதற்குள் அதே காலின் (மேலும் கீழுமாக உள்ள ஐஜிபிடி ஜோடியின்) மறு ஐஜிபிடி கடத்தத் தொடங்கினால் பஸ்ஸின் மின்சாரம் முழுவதும் குறுக்கே பாய்ந்துவிடும். 24 வோல்ட்டில் உங்கள் பவர் சப்ளை மின்னோட்டத்தை மட்டுப்படுத்தியதால் தவறு வெளியே தெரியவில்லை. இரண்டு சிக்னல்களுக்கும் நடுவில் 2 மைக்ரோவினாடி இடைவெளி விடுங்கள். பஸ் கெபாசிட்டரிலிருந்து பிரிட்ஜ் வரை வயரைச் சுருக்குங்கள். ஒவ்வொரு காலின் அடியிலேயே ஒரு ஃபிலிம் கெபாசிட்டர் வையுங்கள்.

முதல் முறை 400 கொடுக்கும்போது, சுமை எதையும் மாட்டாமல், பஸ்ஸுக்கு முன்னால் 230 வோல்ட், 100 வாட் இழை பல்புகள் இரண்டைத் தொடராகப் போடுங்கள். ஒரு கணம் மின்னி அணைந்தால் கெபாசிட்டர் நிறைந்தது, பிரிட்ஜ் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். பல்பு உங்கள் ஐஜிபிடியைக் காப்பாற்றியிருக்கிறது. அலைகாட்டியின் தரைக் கிளிப்பை மட்டும் பிரிட்ஜில் மாட்டவே கூடாது. இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் வேண்டும்.

மீனாட்சிபுரம்: இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் அடித்தது. ஏன்?

பஸ்ஸில் உள்ள 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 400 வோல்ட்டில் ஏறத்தாழ 38 ஜூல் வைத்திருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான அளவு. குறுக்கே 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும். 40 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அப்போதும் மீட்டரில் பார்த்துவிட்டே தொடுங்கள். சாதாரண ஏசி எம்சிபியையும் (வீட்டு பிரேக்கர்) இங்கே நம்பாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யமாவதால் தீப்பொறி அறுபடும். டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. டிசி பிரேக்கர்தான் வேண்டும்.

வாளையார்: புகளூரிலிருந்து திருச்சூர் வரும் உயர் அழுத்த டிசி லைனிலும் இப்படித்தான் மாற்றுகிறார்களா?

அடிப்படை ஒன்றேதான். 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் திட்டம் ±320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட், அங்கேயும் ஐஜிபிடிகள்தான். ஆனால் நம் பிரிட்ஜ் போல ஒரே அடியில் 400 வோல்ட்டை வெட்டுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கெபாசிட்டர். படிக்கட்டு போல ஒவ்வொன்றாகச் சேர்த்து அலையை எழுப்புகின்றன. படிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் வடிகட்டிக்குப் பெரிய வேலையே இல்லை. எனக்கு அது பெரும் வியப்பு.

முதலமடை, மாந்தோப்பு விவசாயி: தம்பி, இதை வைத்து 1 குதிரைத்திறன் பம்பு ஓட்டலாமா?

ஐயா, சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கையால் செய்த பிரிட்ஜ் அதைத் தாங்காது. மூன்று ஃபேஸ் மோட்டாரும் சோலார் பம்பு டிரைவும் வாங்கிவிடுங்கள். அது மெதுவாக வேகமேற்றும்.