வாசகர் கேள்வி–பதில்: யூ மரத்து நெடுவில்

இங்கிலாந்தில் பணிபுரிந்த ஆண்டுகளில் நான் மரத்தாலான நெடுவில்லைப் பழகியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதிலாகச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஆள் உயரத்துக்கு இருக்கும் எந்த வில்லையும் நெடுவில் என்று சொல்லிவிடலாமா? ஒலிம்பிக் போட்டியில் காணும் வில்லிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

நீளம் மட்டும் போதாது. 1951இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் லாங்-போ சொசைட்டி என்ற நெடுவில் சங்கம், வில்லின் தடிமன் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. அதாவது ஆங்கிலேய நெடுவில் பட்டையானது அன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு புறம் ஏறத்தாழத் தட்டையாகவும் மறுபுறம் நன்கு உருண்டும் இருக்கும். ஒலிம்பிக் வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியோ, அதிர்வைத் தாங்கும் தண்டுகளோ, அம்பை வைக்கும் திட்டோ இதில் கிடையாது. பிடியைப் பற்றியிருக்கும் கையின் முட்டிமேல்தான் அம்பு அமர்கிறது.

ஆனாலும் இதன் உண்மையான சிறப்பு மரத்தில் இருக்கிறது. எய்யும்போது இலக்கைப் பார்த்திருக்கும் புறத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவரைப் பார்த்திருக்கும் புறத்தை வயிறு என்றும் சொல்வார்கள். நாணை இழுக்கையில் முதுகு நீட்சிக்கு உள்ளாகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. யூ (yew) என்ற ஊசியிலை மரத்தில் பட்டைக்கு அடுத்துள்ள வெளிறு வெண்மஞ்சள் நிறத்தில் இருக்கும். அது இழுவையை நன்கு தாங்கும். அதற்கு உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரம், அதாவது மரத்தின் உறுதியான உட்பகுதி, நெருக்குதலைத் தாங்கும். இரண்டும் பிரியாமல் சேர்ந்திருக்கும்படி ஒரே கட்டையிலிருந்து செதுக்கினால், வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமைந்து, பசையே இல்லாமல் இயற்கை ஒட்டிக்கொடுத்த இரட்டைப் பலகையாக அந்த வில் ஆகிவிடுகிறது. நல்ல வில்தச்சர் முதுகுப்புறத்தை இழைத்து நேராக்க மாட்டார். மரம் எப்படி மேடும் பள்ளமுமாக வளர்ந்ததோ அப்படியே அதைப் பின்தொடர்ந்து செல்வார். கணு வரும் இடத்தில் அதைச் சுற்றிச் சிறிது மரத்தைக் கூடுதலாக விட்டுவைப்பார். அத்தகைய வில்லின் முதுகில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் சிறு பருக்களைப் போல அந்தக் கணுக்கள் தட்டுப்படும். இயந்திரத்தில் வார்த்தது போல வழவழப்பாக இருக்கும் வில்லைவிட, அந்தப் பருக்கள் உள்ள வில்லையே நான் நம்புவேன்.

கேள்வி: பழைய இங்கிலாந்துப் போர்வில்லை இழுக்க 150 பவுண்டு விசை வேண்டும் என்று படித்தேன். இது மிகைப்படுத்தப்பட்ட செய்தி இல்லையா? (சென்னை வாசகி)

மிகை அன்று என்பதற்குக் கடலடியிலிருந்தே சான்று கிடைத்தது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகில் மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடற்பகுதி மேலே கொண்டுவரப்பட்டது. சேற்றில் புதைந்து காற்றுப் படாமல் கிடந்ததால், முழுமையான நிலையில் 130க்கும் மேற்பட்ட யூ வில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் அதில் கிடைத்தன. அதற்கு முன்பு வரை பெரும்பாலும் ஓவியங்களையும் கணக்கேடுகளையும் வைத்து ஊகிக்கப்பட்டு வந்த ஒரு கருவியை முதன்முறையாக இவ்வளவு எண்ணிக்கையில் அளந்து பார்க்க முடிந்தது. வில்கள் பெரும்பாலும் ஆறடிக்கு மேல் நீளமுள்ளவை. அவற்றின் இழுவிசை ஏறத்தாழ 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை, அதாவது 45 கிலோவிலிருந்து 84 கிலோ வரை, இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு வலிமை ஒரு சில ஆண்டுப் பயிற்சியில் வருவதன்று. திருநாள்களில் மற்ற விளையாட்டுகளை விட்டுவிட்டு உடல்வலு உள்ள ஆண்கள் வில் பழக வேண்டும் என்று மன்னர் மூன்றாம் எட்வர்டு 1363இல் ஆணையிட்டார். சிறுவயதிலிருந்தே, ஆண்டுதோறும் சற்றுச் சற்றாகக் கனமான வில்லுக்கு மாறி வளர்ந்தவர்கள் அவர்கள். மேரி ரோஸில் மாண்டவர்களின் எலும்புகளில், பதின்பருவத்தின் முடிவில் ஒன்றுகூட வேண்டிய தோள்பட்டை முனையெலும்பு ஒன்றுசேராமலே நின்றுவிட்டதைப் பலரிடம் கண்டிருக்கிறார்கள். இளமையிலேயே கனமான வில்லை இழுத்துப் பழகியதன் விளைவாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்த வில்களை நேரில் பாருங்கள். கைப்பிடியில் தோல்கூடச் சுற்றப்படாத வெறும் மரக்கோல்கள் அவை. அவற்றின் முன்னால் நின்றபோது எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை.

கேள்வி: எனக்கு வயது 34. நாள்தோறும் உடற்பயிற்சி செய்கிறேன். நேரடியாக 60 பவுண்டு நெடுவில் ஒன்றை வாங்கிவிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

தயவுசெய்து வேண்டாம். எடை தூக்குவதற்குப் பயன்படும் தசைகள் வேறு. முதுகுச் சிறகெலும்புகளை ஒன்றோடொன்று நெருக்கி நாணை முகவாய் வரை கொண்டுவரும் தசைகள் வேறு. 30 அல்லது 35 பவுண்டில் தொடங்குங்கள். ஒரு மாலைப் பொழுதில் எழுபது எண்பது அம்புகள் எய்த பின்பும் கடைசி அம்பை முதல் அம்பைப் போல எய்ய முடிகிறது என்ற நிலை வந்த பிறகு அடுத்த வில்லைப் பற்றி யோசிக்கலாம்.

இழுவிசையைவிட முதன்மையான இன்னோர் எண் இருக்கிறது. அதை விற்பவரும் பல சமயம் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எத்தனை அங்குலம் வரை இழுப்பதற்காக அந்த வில் செய்யப்பட்டது என்பதே அது. என்னிடம் 26 அங்குல இழுப்புக்கு வளைத்துச் சமன்செய்யப்பட்ட யூ வில் ஒன்று இருந்தது. என்னைவிட நெடிய நண்பர் ஒருவர் ஆசையோடு கேட்டார், கொடுத்துவிட்டேன். எச்சரிக்க வேண்டியவன் நான், எச்சரிக்கவில்லை. அவர் நாணைக் காது வரை இழுத்த நொடியில், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போன்ற ஓசை எழுந்தது. மேற்பாதி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு பத்தடி தள்ளிப் புல்லில் விழுந்தது. நல்ல வேளையாக அவருக்குக் காயமில்லை. அந்தத் துண்டு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. முறிந்த இடத்தில் நார் நாராக வெளிறும், அதன் கீழே ஆரஞ்சு நிறத்தில் வைரமும் தெரிகின்றன. முழுக்க இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு ஒடிந்த வில் என்று அந்நாட்டு வில்தச்சர்கள் சொல்வார்கள். ஆகவே, முதலில் உங்கள் இழுப்பு நீளத்தை ஒரு பயிற்சியாளரிடம் அளந்துகொள்ளுங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதையும் ஒருபோதும் செய்யாதீர்கள். அம்போடு போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பிப் பாயும்.

கேள்வி: லண்டனில் ஓர் ஏலத்தில் விக்டோரியா காலத்து நெடுவில் ஒன்று வாங்கினேன். கைப்பிடிக்கு அருகில் ஒரு பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. இதை எய்யலாமா? மெருகு போட்டுப் புதுப்பிக்கலாமா? (லண்டனில் வசிக்கும் வாசகர்)

இரண்டுமே வேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்கிறேன்.

பொறிக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் செய்தவருடையது. எண் இழுவிசையைப் பவுண்டில் குறிப்பது. ஆல்ட்ரெட், புக்கானன், ஹைஃபீல்ட், எடின்பரோவைச் சேர்ந்த பீட்டர் ம்யூர் ஆகிய பெயர்களைச் சேகரிப்பாளர்கள் ஆவலோடு தேடுவார்கள். எண் முப்பதுக்குக் கீழே இருந்தால் அது பெண்கள் எய்வதற்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். அக்காலத்தில் வில்வித்தை, ஆண்களும் பெண்களும் ஒரே மைதானத்தில் பங்குகொண்ட மிகச் சில விளையாட்டுகளுள் ஒன்றாக இருந்தது. இத்தகைய வில்களை அலங்காரப் பொருளாக எண்ணிவிடாதீர்கள். ஹொரஸ் ஃபோர்டு என்ற வில்லாளர் 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினோரு முறை இங்கிலாந்தின் தேசியப் போட்டியில் வென்றது மரவில்லைக் கொண்டுதான். அங்கே எய்யும் தொலைவுகள் 100, 80, 60 கெஜம்.

இப்போது வில்லைச் சன்னலருகே கொண்டுசென்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். வயிற்றுப்புறத்தில் குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்கள் தெரிந்தால், மரநார்கள் நெருக்குதலில் நசுங்கியிருக்கின்றன என்று பொருள். அவை தோன்றிய வில்லை மறுபடி வளைத்தால் அங்கேதான் முறியும். முதுகில் சிலாம்பு எழும்பியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். இரு முனைகளிலும் நாணின் கண்ணியைத் தாங்கும் குதைகள் மாட்டுக்கொம்பால் ஆனவை. அவை ஆடுகின்றனவா என்று மெல்லத் திருகிப் பாருங்கள். அக்கால வில்களில் பல, இரண்டு குட்டையான கட்டைகளை மீன்வால் போல வெட்டிக் கைப்பிடிக்குள் பொருத்தி ஒட்டியவை. வேறு பலவற்றில் முதுகில் ஹிக்கரி போன்ற வேற்று மரத்தின் மெல்லிய பலகை ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம். ஈரத்தாலும் வெப்பத்தாலும் நூற்றைம்பது ஆண்டுகளில் அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒடிந்துவிட்டால் அதற்கு மாற்றும் இல்லை.

புதுப்பிப்பதைப் பொறுத்தவரை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைவிடப் பெரிய கேட்டை ஒரு பழைய வில்லுக்குச் செய்ய முடியாது. அந்த மெருகும், பிடியில் படிந்த கைக்கறையும், ஓரமாக அம்பு உரசி உரசி விழுந்த தேய்மானமும்தான் அதன் வரலாறு. மேலும் யூ மரத்தூள் நச்சுத்தன்மை உடையது. அதை மூச்சில் இழுப்பது நல்லதன்று. உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். தேவையானால் சிறிது தேன்மெழுகு பூசுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தாமல், இரண்டு அகலமான முளைகளின்மேல் கிடைமட்டமாக வையுங்கள். கணப்படுப்புக்கு மேலே, அழகுக்காக மாட்டவே கூடாது. எங்கே வாங்கினீர்கள், என்ன பொறிப்பு, என்ன அளவு என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். எய்யும் ஆசைக்கு இன்றைய வில்தச்சர் ஒருவரிடம் புதிய வில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய தொழிலும் பிழைக்க வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடிந்த பிறகு நாணை இறக்காமலே வைத்திருந்தால் என்ன? (யாழ்ப்பாண வாசகர்)

மரம் வளைந்தே பழகிவிடும். வில் சோர்ந்து அம்பின் வேகம் குறையும். ஒவ்வொரு முறையும் இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது பிடிக்கும் நாணுக்கும் இடையே கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நாணைத் தொட வேண்டும். ஏறத்தாழ ஆறு, ஆறரை அங்குலம். அதுவே பழைய அளவு, இன்றும் சரியான அளவு.

கேள்வி: அம்பு வில்லின் நடுவே இல்லாமல் ஓரத்தில்தானே இருக்கிறது? பிறகு எப்படி அது நேராகப் போகிறது? (புதுச்சேரி வாசகி)

அம்பு நேராகக் கிளம்புவதில்லை. விரல்களிலிருந்து நாண் நழுவும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளப்படுவதால் அம்பு நெளிகிறது. ஒரு பக்கமும் மறுபக்கமுமாக வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. சற்றுத் தொலைவு சென்றதும் இறகுகள் அதை நிலைப்படுத்துகின்றன. ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் வலிமையோடு பொருந்த வேண்டும். மர அம்பின் தண்டை 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின்மேல் வைத்து, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பது வழக்கம். 26ஐ அந்தத் தொய்வின் அங்குல அளவால் வகுத்தால் விறைப்பெண் கிடைக்கும்; 0.52 அங்குலம் தொய்ந்தால் அது 50 பவுண்டு அம்பு. அகன்ற பிடியுள்ள நெடுவில்லுக்கு, அதன் இழுவிசையைவிடச் சற்றுக் குறைந்த விறைப்பெண் உள்ள தண்டே பெரும்பாலும் ஒத்துவருகிறது. உங்கள் அம்புகள் எல்லாம் ஒரே பக்கமாக விலகிப் போனால் கையைக் குறை சொல்வதற்கு முன் தண்டுகளை அளந்து பாருங்கள். அம்பின் மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்து ஒட்டக் கூடாது.

கேள்வி: யூ மரம் இந்தியாவில் கிடைக்குமா? நானே ஒரு வில் செய்து பார்க்க விரும்புகிறேன். (சேலம் வாசகர்)

இமயமலைச் சரிவுகளில் யூ இனம் வளர்கிறது. ஆனால் புற்றுநோய் மருந்துக்காக அதன் இலையும் பட்டையும் அளவின்றி எடுக்கப்பட்டதால் அருகிவிட்டது. அதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வில்லுக்காக அதைத் தேடிப் போகாதீர்கள். ஒருகாலத்தில் இங்கிலாந்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். அந்த வேட்கை ஐரோப்பிய மலைகளின் யூ காடுகளை வெறுமையாக்கியது.

உங்கள் ஊர்ப்பக்கமே நல்ல பொருள் இருக்கிறது. உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது அல்லவா? மூங்கில் அந்தப் புல் வகையைச் சேர்ந்தது. அதன் வலிமையெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருப்பதால், இழுவையைத் தாங்கும் முதுகுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் அரிது. வெளிநாட்டு வில்தச்சர்களே இன்று வன்மரத்தின் முதுகில் மூங்கில் பட்டையை ஒட்டி நெடுவில் செய்கிறார்கள். நம் நாட்டில் ‘இந்தியன் ரவுண்டு’ என்ற போட்டிப் பிரிவில் 50, 30 மீட்டர் தொலைவுகளில் மூங்கில் வில்லைக் கொண்டே எய்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வழிகாட்டக்கூடிய பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

நன்கு முற்றிய மூங்கிலாகத் தேர்ந்தெடுத்து, நிழலில் வைத்துச் சில மாதங்கள் உலரவிடுங்கள். சீவ வேண்டியது உட்புறத்தை மட்டுமே. முதுகில் கணுக்கள் வரும் இடங்களில் கத்தியை நிறுத்திவிட்டு, அந்த மேடுகளை மேடுகளாகவே விட்டுவையுங்கள்.