வேலை ஓய்ந்த பிறகு ஹாஸ்பிஸுக்குப் போகலாமா?

"டர்பனில் நாற்பது வருஷம் துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது, வீட்டில் கை கால் ஓடவில்லை. ஹாஸ்பிஸில் தொண்டு செய்யுங்கள் என்கிறாள் மகள். நான் நர்ஸ் இல்லையே, அங்கே எனக்கு என்ன வேலை?" என்று டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐயா, ஹாஸ்பிஸ் என்பது இனிக் குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் அமைப்பு. அங்கே மருந்து கொடுப்பதையும் புண்ணுக்குக் கட்டுவதையும் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள். தொண்டர் அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகப்போகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது என்றார். உங்களுக்கான இடம் அங்கேதான். தென்னாப்பிரிக்காவில் ஹாஸ்பிஸ் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்கே வருவது. பக்கத்தில் உட்காருவது, பேச்சுத் துணை, மனைவி கடைக்குப் போய்வரும் வரை காவல், இதெல்லாம் தொண்டர் வேலை.

உங்களுக்குக் கஷ்டம் வேறு இடத்தில் வரும். சூப்பர்வைசருக்கு எதையும் சரிசெய்தே பழக்கம். இங்கே சரிசெய்ய முடியாததைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

நம் வீடுகளில் சாப்பாடுதான் அன்பு. கடைசி நாட்களில் உடம்பு சோறு கேட்காது, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஒரு வீட்டில் மகள் கரண்டியோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள். நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்க நர்ஸ் காட்டிக்கொடுத்தார். அரை மணி நேரம் அதையே செய்தாள். "போதும் கண்ணு" என்றார் அம்மா. பிள்ளைகளிடம் காலமெல்லாம் இங்கிலீஷ் பேசியவர். உங்களுக்குத் தமிழ் வரும் என்றால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். காவடி, ஆடிக்கூழ் என்று நாலு வார்த்தை தமிழில் பேச இங்கே ஆள் கிடைப்பதில்லை.

பயன் உண்டா என்று முதல் மாதமே கணக்குப் பார்க்காதீர்கள். செவ்வாய் பத்து மணி என்றால் பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஆலை நேரத்துக்கு எழுந்து பழகிய உங்களுக்கு அது பெரிதில்லை. படுத்திருப்பவருக்கோ வாரத்தில் ஒரு கிழமையாவது அடையாளம் தெரியும்.

முதலில் நேர்காணல், அப்புறம் பயிற்சி இருக்கும். சமீபத்தில் நெருங்கியவரை இழந்திருந்தால் மறைக்காதீர்கள், கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்வார்கள். படுக்கையருகே உட்காரத் தயக்கமா? ஹாஸ்பிஸ் நிதிக்காக நடத்தும் பழைய சாமான் கடையில் தொடங்கலாம். நோயாளிகளைக் காரில் கூட்டிவரவும் ஆள் தேவைப்படும், ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் போங்கள்.