விடியலில் சிகரம் சிவக்கிறது, இலைகள் மட்டும் கறுப்பு: கராசாவா படங்கள்

அக்டோபர் முதல் வார இறுதியில் ஜப்பானின் வட ஆல்ப்ஸ் மலையிலுள்ள கராசாவா என்ற மலைக்கிண்ணத்துக்குப் போனபோது ஹோட்டாகா சிகரங்கள் சிவப்பாகவும், கீழே இலைகள் கரிக்கட்டை மாதிரியும் வந்தன என்கிறீர்கள். கேமராவைத் திட்டாதீர்கள். அந்த மலைக்கிண்ணம் கிழக்கு பார்த்தது. முதல் வெயில் உச்சியில் விழுந்து மெதுவாகத்தான் கீழே இறங்கும். அதுவரை இலையுதிர்காலத்தில் சிவக்கும் நானகாமாடோ புதர்கள் நிழலில்தான் கிடக்கும்.

ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளியில் மூன்று படம் எடுத்து வீட்டில் இணைக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிகரத்தை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, வெயில் புதருக்கு வரும்வரை டீ குடிப்பேன். வந்ததும் வெயிலைப் பார்த்தபடி குனிந்து நின்றால் ஒவ்வொரு இலையும் உள்ளே விளக்கு வைத்தது போல எரியும், நரம்புகூடத் தெரியும். பனியில் நனைந்த இலை பளபளத்தால் லென்ஸில் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைத் திருப்புங்கள். அப்புறம், பேட்டரியோடு தூங்குங்கள். குளிரில் வெளியே வைத்தால் காலையில் பாதிதான் இருக்கும்.

இரண்டு நாள் போதுமா என்றால், வெள்ளி இரவே கிளம்பினால் போதும். நடை தொடங்கும் காமிகோச்சிக்குச் சொந்தக் காரை விடமாட்டார்கள். சவாண்டோவிலோ ஹிராயுவிலோ நிறுத்திவிட்டுப் பஸ்தான். அங்கிருந்து யோகோவோ என்ற இடம் வரை 11 கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம், பிறகு கராசாவாவுக்கு மூன்று மணி நேர ஏற்றம்.

முட்டி ஒத்துழைக்காவிட்டால் அக்டோபர் கடைசியில் காமிகோச்சியிலேயே இருக்கும் தைஷோ குளத்துக்குப் போங்கள். 1915இல் யாகேதாகே எரிமலை வெடித்து ஆற்றை அடைத்ததில் உண்டான குளம். காற்றில்லாத காலையில் பொன்னிற லார்ச் ஊசியிலை மரங்கள் அப்படியே தண்ணீரில் தெரியும்.